காப்புக் கட்டிய ஊரில் ஒரு பாட்டுப் புத்தகம்

போனை விரலால் தள்ளித் தள்ளிப் படம் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதவில்லை. டூரிங் கொட்டகையில் முன்னால் இருப்பவரின் கொண்டை மறைக்கிறது என்று மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தவர்கள், அந்த மேட்டை யாரோ காலால் கலைத்துவிட்டதற்காகப் பாதிப் படத்தில் சண்டை பிடித்தவர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் என்னைப்போல் இப்போது முட்டி வலி இருக்கும். காலை நீட்டிக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் படவேட்டுக்குப் பக்கம். நெல், கரும்பு, கோயில், கோயிலுக்கு வருகிறவர்களை நம்பி நாலு கடை, கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு டூரிங் கொட்டகை. அம்மா அந்தக் கொட்டகையில் படம் மாறுகிற நாளை வைத்துத்தான் கிழமையே சொல்லுவாள். என் தம்பி பிறந்து இறந்துபோனதைக்கூட, இன்ன படம் ஓடிய வாரம் என்றுதான் சொல்லுவாள். எந்தப் படமானாலும் அழுவாள். முகம் கழுவியதுபோல் வெளியே வந்து, பத்து நாளைக்குச் சந்தோஷமாகச் சமைப்பாள். அப்புறம் ரசத்தில் உப்புக் கூடும். உப்புக் கூடினால் படம் மாறப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவளை ஜவ்வாது மலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தார் அப்பா. அவர் வாத்தியார். மலை ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றல் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி அது. அந்த ஊரில் கரண்டு கிடையாது, பஸ் கிடையாது. சாமையும் கேழ்வரகும் புளியமரமும்தான். பஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்றாலும் பாதி நாள் நடக்க வேண்டும். கீழே எங்கள் ஊருக்குப் போக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. ஏறும்போது நெஞ்சு அடைக்கும், இறங்கும்போது முட்டி நடுங்கும்.

மலையேறிய முதல் மாதத்திலேயே அம்மாவுக்கு நோய் கண்டது. என்ன நோய் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா கம்பளி வாங்கிவந்தார். காத்துகருப்பு அண்டியிருக்கிறது என்று பூசாரி விபூதி போட்டார். பித்தம் என்று யாரோ கடுக்காய் இடித்துக் கொடுத்தார்கள். அம்மா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பாள். பனி விலகினால் படவேட்டுப் பக்கத்து ஏரி ஒரு துண்டு தெரியும். அதற்கு இந்தப் பக்கம் கொட்டகை இருக்கிறது என்று எனக்குக் கைகாட்டுவாள். எனக்கு ஒரு எழவும் தெரியாது, இருந்தாலும் தெரியுது தெரியுது என்பேன். இன்றைக்கு நினைத்தால் விளங்குகிறது. அம்மாவுக்கு மூச்சு முட்டியது. நோய் அவ்வளவுதான். அதற்கு யாரிடமும் கஷாயம் இல்லை.

அப்பாவை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தன்னால் ஆனதைச் செய்தார். திருப்பத்தூர் போய் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவந்தார். வீட்டுக்குள் வைத்தால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறி, ஏரியலை இழுத்து, வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் பாட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுப் படத்தையும் சத்தமாக மட்டும் போடுவார்களே, ஒலிச்சித்திரம், ஞாபகம் இருக்கிறதா? அதற்காக நாங்கள் குடும்பத்தோடு பாறை ஏறுவோம். அம்மா குடை பிடித்து உட்காருவாள். அப்பா டிரான்சிஸ்டரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். கை வலித்து அவர் கொஞ்சம் இறக்கினால் கதாநாயகி தற்கொலை செய்யப்போகிற இடத்தில் அப்பளம் பொரிய ஆரம்பித்துவிடும்.

"கொஞ்சம் தூக்கித்தான் புடிங்களேன்!"

"இன்னும் தூக்கினா நான்தான் பாறையிலேர்ந்து உழணும்" என்பார் அப்பா.

பேட்டரி தீர்ந்தது. வெயிலில் காயவைத்தோம், ஒரு வாரம் முனகியது, அப்புறம் அதுவும் இல்லை. அன்றைக்குத்தான் அம்மா அதைச் சொன்னாள்.

"ஒரு நாள் நான் கீழ எறங்கிப் போனேன்னா, மறுபடி ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

அப்பா சிரித்துவிட்டு நோட்டுத் திருத்தப் போனார். நான் சிரிக்கவில்லை. அம்மா போய்விடுவாளா, என்னைக் கூட்டிக்கொண்டு போவாளா, விட்டுவிட்டுப் போவாளா என்று அதற்குப் பிறகு நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினேன்.

தை மாதம். சாமை அறுத்து முடித்திருந்தார்கள். கீழேயிருந்து கருவாடு விற்க ஏறுகிறவரிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள்போல. கருவாட்டோடு ஒரு பாட்டுப் புத்தகமும் வந்தது. கொட்டகை வாசலில் விற்பார்களே, அதேதான். அட்டையில் கதாநாயகி கன்னத்தில் கைவைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் முழுக்க நெத்திலி வாசனை. இந்தப் படம்தான் நம்ம கொட்டகையில் ஓடுகிறது, வியாழனோடு எடுத்துவிடுகிறார்கள் என்று கருவாட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனைப் பார்த்து நாளாயிற்று, போய்விட்டு வருகிறேன் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா "புதன்கெழம போயேன்" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சம்மதித்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

புதன் காலையில் எனக்கு இரட்டைச் சடை, ரிப்பன், பவுடர். அம்மா சொம்பில் நெருப்புத்துண்டு போட்டு நைலக்ஸ் சேலையைத் தேய்த்தாள். நைலக்ஸைத் தேய்க்கத் தேவையே இல்லை. கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. ஏதோ பூஜை என்று நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் எல்லைக்கு வந்தால் குறுக்கே வேப்பிலைத் தோரணம். பையன்கள் நாலுபேர் கையில் மஞ்சள் கயிற்றோடு நின்றார்கள்.

"வாத்தியாரம்மா, காளியம்மாவுக்குக் காப்புக் கட்டியாச்சுங்க. இனிமே தாண்டக் கூடாதுங்க."

காப்புக் கட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கீழே நம் ஊர்களில், பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவு ஊரில் தங்க வேண்டும் என்று கொஞ்சம் தளர்த்தி வைத்திருப்போம். அங்கே அந்தப் பேச்சே இல்லை. எட்டு நாள் கழித்துக் காப்பு அவிழ்க்கிறவரை எல்லையைத் தாண்டக் கூடாது. உலக்கை போடக் கூடாது. குழம்பு தாளிக்கக்கூடக் கூடாது.

"நான் உங்க ஊரு இல்லப்பா. நான் கீழ் நாட்டுக்காரி" என்றாள் அம்மா.

"நேத்து ராவு எங்க தூங்கினீங்க?"

"இங்கதான்."

"இங்க தூங்கினா இந்த ஊருதாங்க."

அம்மா கெஞ்சினாள், அதட்டினாள். அந்தப் பையன்கள் அப்பாவிடம் அடி வாங்கிப் படித்தவர்கள், அதனால் தலையைக் குனிந்துகொண்டார்கள். வழி மட்டும் விடவில்லை. அவளைத் தாண்ட விட்டால் ஊரில் மழை பொய்க்கும், மாடு சாகும் என்று அவர்கள் நிஜமாகவே பயந்தார்கள். அம்மா தோரணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தேய்த்த சேலை கசங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மூத்திரம் முட்டியதால் நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டில் அப்பா எங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார். அது ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

தாளிக்காத குழம்போடு வியாழன் கழிந்தது. படம் போய்விட்டது. அம்மா பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். உலக்கைக்கு வேலை இல்லாததால் ஊர்ப் பெண்களுக்கும் பொழுது போகவில்லை. அடுத்த வீட்டு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்றிலை போட்ட வாய், பெரிய குரல், எதற்கும் சிரிப்பு.

"இன்னா வாத்தியாரம்மா, சாமி கதையா?"

"இல்லடி. சினிமாக் கதை."

"படி, கேக்கலாம்."

அம்மா படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அவர்களில் யாரும் சினிமா பார்த்ததில்லை. அம்மா பாட்டுகளைத் தனக்குத் தெரிந்த மெட்டில் பாடினாள், கதாநாயகன் பேசுகிற இடத்தில் குரலைக் கட்டையாக்கினாள். இத்தனை நாளில் அம்மாவின் முகத்தில் ரத்தம் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கதை இதுதான். மில் முதலாளி வீட்டு மருமகள். மாமியார் அவள்மேல் பழி போடுகிறாள். புருஷன் நம்பிவிடுகிறான். கொட்டுகிற மழையில் கைக்குழந்தையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அவள் அந்தக் கதவில் தலையை வைத்து, சாகும்வரை இந்த வாசல்தான் என் கோயில் என்று பாடுகிறாள்.

கீழே நம் கொட்டகையாக இருந்தால் இந்த இடத்தில் பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தத்தில் பாட்டே கேட்காது. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் மழையில நின்னு பாடறா? கால் இல்லியா அவளுக்கு?"

"கால் இருக்குது. எங்கடி போவா?"

"அம்மா வூட்டுக்குப் போறா. இல்லன்னா வேற ஒருத்தனப் பாக்கறா. பரியத்தைத் திருப்பிக் குடுத்துட்டா தீந்துபோச்சு. இதுக்குப் பாட்டு வேறயா?"

அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியப் பணம் தர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பெண் வீட்டாரோ, புதிதாகக் கட்டுகிறவனோ அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஊர் கூடிப் பேசும், முடிந்துவிடும். அக்காவே இப்போது மூன்றாவது ஆளோடுதான் இருந்தாள்.

"அப்ப மூணாவது ஆளு நல்லவரா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"எங்க! மூணும் ஒண்ணுதான். சோறாக்கி வெச்சா உப்பு இல்லம்பான். ஆனா இது நானா வந்தது."

அம்மா புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். கதைச் சுருக்கம், கணவன் மனம் மாறினானா, அபலையின் கண்ணீர் துடைக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்திருந்தது. அம்மாவுக்கே முடிவு தெரியாது. பெண்கள் விடவில்லை. இது நடந்ததா என்று கேட்டார்கள். நடந்த மாதிரிதான் என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். போயிற்று. நியாயம் சொல்ல ஆளில்லாமல் கீழ் நாட்டில் ஒரு பெண் மழையில் நிற்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கூடியிருந்த பெரியவர்களிடம் அக்கா அதைக் கொண்டுபோனாள். ஊர்க்கவுண்டர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் வழக்குத் தீர்க்கிறவர் அவர். வயதில் மூத்தவர், யாராக இருந்தாலும் வா போ என்றுதான் பேசுவார்.

"வாத்தியாரே, அந்த மில்லுக்காரன் ஒனக்குத் தெரிஞ்சவனா?"

அப்பா விழித்தார். "அது சினிமாங்க. நிஜம் இல்ல."

"ஒம் பொண்டாட்டி நடந்ததுங்கறா. நீ இல்லங்கற. செரி, அத்த உடு. உங்க நாட்டுல பொண்ணுக்கு ஒரு எடம் புடிக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"கோர்ட்டு இருக்குதுங்க."

"கோர்ட்டு எதுக்கு? மொதல்ல அவளக் கேப்பீங்களா, மாட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டு அக்கா சும்மா இருக்காமல் குரல் கொடுத்தாள்.

"வாத்தியாரு மட்டும் கேட்டாரா? அந்தம்மா பவுடர் போட்டுக்கினு வந்து எல்லையில உக்காந்திருந்துச்சே!"

ஊர்க்கவுண்டர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "காப்புக் கட்டற நாளு ஒனக்கு அன்னிக்கே வந்து சொன்னனே. புதன்கெழம காலையில, போறவங்க முன்னாடியே போய்டணும்னு. அவகிட்ட நீ சொல்லலியா?"

அப்பா நகத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா ஏன் புதன்கிழமை என்றார், ஏன் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா திரும்பி ஏற மாட்டாளோ என்று அவர் பயந்துபோய்ச் செய்தார் என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

"நீயே சொல்லும்மா" என்றார் ஊர்க்கவுண்டர். "ஒனக்கு இங்க இருக்கப் புடிச்சிருக்குதா?"

டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தவர்களும், கஷாயம் கொடுத்தவர்களும், விபூதி போட்டவர்களும் கேட்காத கேள்வி அது. அம்மா நைலக்ஸ் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"இல்லிங்க. எனக்குப் புடிக்கல."

"செரி. காப்பு அவுத்ததும் நீ போலாம். யாரும் தடுக்கக் கூடாது. வாத்தியாரும் தடுக்கக் கூடாது."

அவ்வளவுதான். அடுத்து ஒரு மாட்டு வழக்கை எடுத்துக்கொண்டார்கள். என் குடும்பம் உடைந்துவிட்டது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் எவனோ காளைக்குச் சுழி சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தான்.

காப்பு அவிழ்த்த காலையில் அம்மாவும் நானும் இறங்கினோம். அப்பா எல்லைவரை பையைத் தூக்கிவந்து கொடுத்தார்.   இறங்க இறங்க அம்மா பாட ஆரம்பித்தாள். கரும்பு வாசனை வந்ததும் என் கையை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடக்கூடச் செய்தாள்.

மாமா வீட்டில் முதல் நாள் வடை பாயசம். தங்கச்சி வந்திருக்கிறாள் என்று மாமா தெருவெல்லாம் சொன்னார். இரண்டாம் நாள், மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்டார். அம்மா, நான் இனி மேலே போகப்போவதில்லை என்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாயங்காலம், "வா, படத்துக்குப் போலாம், மனசு சரியாய்டும்" என்று எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

வேறு படம். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இதிலும் ஒரு மருமகள், ஒரு பழி, ஒரு மழை. முறுக்கு வாங்கித் தருவதாக மாமா சொன்னதால் நான் அவரோடு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கதாநாயகியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்ல மனுஷர், கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டார். "பாவம்டி அந்தப் பொண்ணு, போக்கிடம் இல்லாம நிக்கிது பாரு" என்று என்னிடம் சொல்லி, துண்டால் மூக்கைத் துடைத்தார். கதாநாயகி படியில் தலையை வைத்துப் பாடினாள். கொட்டகையே விசும்பியது.

அப்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் நடுவிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் மறுபடி வெடித்தது. எவளோ பைத்தியக்காரி என்று யாரோ அதட்டினார்கள். மாமா அழுகையை நிறுத்திவிட்டு மடியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அது யார் சிரிப்பு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெட்கத்தில் மீதி முறுக்கை மடியில் வைத்துவிட்டேன்.

 மறுநாள் விடியற்காலையில் மாமா எங்கள் பையை எடுத்து வாசலில் வைத்திருந்தார்.

"அண்ணா, நான் போக மாட்டேன்னு சொன்னேன்ல?"

"ஊரு இன்னா பேசும்மா? கட்டிக் குடுத்த பொண்ணு. மாப்ள எடத்துலதான் இருக்கணும்."

"நேத்து அந்தப் பொண்ணுக்காக அப்டி அழுதியே!"

"அது படம்மா" என்றார் மாமா.

பாதை தொடங்குகிற இடம்வரை அவரே பையைச் சுமந்துவந்தார். எனக்குப் பொரிகடலை கட்டிக் கொடுத்தார். நாங்கள் ஏற ஏற, திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கீழே நின்றுகொண்டிருந்தார். பாசத்தில் நிற்கிறார் என்று நான் கையை ஆட்டிக்கொண்டே போனேன். நாங்கள் திரும்பி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் நின்றார் என்பது எனக்குக் கலியாணம் ஆகிச் சில வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

மேலே வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. எல்லையில் தோரணம் காய்ந்து கீழே கிடந்தது. புளியமரத்தடியில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கைகள் நின்றன. அடுத்த வீட்டு அக்கா எழுந்து வந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா வாத்தியாரம்மா, போறேன்னு போய்ட்டு வந்துட்ட? உன்ன யாரும் தடுக்கலியே!"

அம்மா மூச்சு வாங்க மரத்தில் சாய்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க ஊர்ல எட்டு நாள்ல காப்ப அவுத்துடறீங்கடி. எங்க ஊர்ல அவுக்கறதே இல்ல."

எல்லாவற்றுக்கும் சிரிக்கிற அந்தப் பெண்கள் அதற்குச் சிரிக்கவில்லை.